முந்திரிகைப் பந்தலும் செம்மண் கிணறும்

நரியும் முந்திரிகைப்பழமும் என்னும் கதையை அறியாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. எட்டாத பழம் புளிக்கும் என்று சொல்லி நரி திரும்பிப் போனதைக் கீழ்வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆயின், அக்கதையில் வரும் கொடியை நேரிற் கண்டு, அதன் இலையைத் தொட்டுப் பார்த்து, அது எப்போது பூக்கும், எந்தக் கணுவிற் காய்க்கும் என்று அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? கடையிற் குலையாகத் தொங்கும் பழத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். அது கடல் கடந்தே வரவேண்டும் என்றும் எண்ணிக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே அது விளைகின்றது என்று வெளியூர் நண்பரிடம் கூறினால் அவர் வியப்படைகின்றார். நம் வீட்டு வளவிலேயே அது விளைந்தது என்று கூறினால் அவர் நம்ப மறுக்கின்றார்.

அதன் பெயரிலேயே ஒரு சுவை உண்டு. தமிழகத்தார் முந்திரி என்று சொல்வது, பழத்துக்கு வெளியே கொட்டை தொங்கும் மரத்தின் பருப்பை. நாமோ அதனை மரமுந்திரிகை என்போம். வெறுமனே முந்திரிகை என்றால் நமக்குக் கொடியிற் பழுப்பதே. மரமுந்திரிகை பிறேசில் நாட்டு மரம். போர்த்துக்கேயர் அதனைக் கீழ்நாடுகளுக்குக் கொண்டுவந்தனர். புதிதாய் வந்த மரத்துக்கு, முன்னரே அறிந்திருந்த கொடியின் பெயரைக் கொடுத்து, 'மரம்' என்ற அடைமொழியையும் சேர்த்துவிட்டனர் நம் முன்னோர். மிளகாய் என்ற சொல்லும் இத்தகையதே. மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் அப்பெயர் பெற்றது. 1492ஆம் ஆண்டிற் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைவதற்கு முன் ஆசியாவில் எவரும் மிளகாயைச் சுவைத்ததில்லை. நம் தோட்டங்களை வாழவைத்த புகையிலையும், ஏழையின் பசி தீர்த்த மரவள்ளியும் அக்கண்டத்திலிருந்து வந்தனவே. ஆகவே, இன்று நம்முடையவை என்று நாம் கொண்டாடும் பயிர்களுட் பல, என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் தம் வளவிலே பரீட்சித்துப் பார்த்த அந்நியப் பயிர்கள் என்பதை மறத்தல் கூடாது.

கல்லின்மேல் ஒரு தோட்டம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் வருவோர் கோப்பாயையும் நீர்வேலியையும் கடக்கும்போது இருமருங்கும் செம்மண் விரிந்திருத்தலைக் காண்பர். நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர். பலாலி வீதியாற் சென்றால் உரும்பிராய் வரும். இவ்வூர்களிலே வாழைக்கும் வெங்காயத்துக்கும் இடையில் ஆளுயரப் பந்தல்கள் ஆங்காங்கே தென்படும். தூரத்தே நின்று பார்ப்பவர் பாகற்பந்தல் என்றோ புடோற்பந்தல் என்றோ கருதக்கூடும். கிட்டச் சென்று குனிந்து பார்த்தாற்றான் இலைக்கூரையின் கீழே கருநீலக் குலைகள் வரிசையாய்த் தொங்குவது புலப்படும். 'இஸ்ரேல் புளூ' என்று வழங்கும் இனமே இங்கு மிகுதி.

இச்செம்மண்ணைத் தோண்டினால் சில அடிகளிலேயே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து, ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் உருவான கல் அது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மலையும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் பெய்யும் மாரிமழையே நமக்குப் பெருஞ்செல்வம். அந்நீர் செம்மண்ணூடாக இறங்கிக் கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தங்குகின்றது. கல்லின் கீழோ கடல்நீர் ஊறி நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங்குறைந்ததாகையால் அதன்மேல் மிதக்கின்றது. நாம் கிணற்றிற் காண்பது இந்த மிதக்கும் நீரையே.

நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்க்கச் செல்லும் மாணவர், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதாகக் கேட்டு அதிசயிப்பர். உண்மையில் நம் ஒவ்வொரு கிணற்றின் கதையும் அதுவே. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்குமேல் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆய்ந்தோர் கண்ட கணக்கு. இக்கணக்கைத் தலைகீழாகவும் வாசிக்க வேண்டும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கிற் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவர இடமுண்டு. வீட்டுத்தோட்டத்தில் ஒரு கொடி நடுவதற்கும் இக்கணக்குக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு மிகப் பெரிது, பின்னர்க் காண்போம்.

குளிர்காலம் இல்லாத ஊரில்

முந்திரிகையின் தாயகம் மேற்காசியாவும் அதனைச் சூழ்ந்த நாடுகளுமாகும். அங்கே குளிர்காலத்தில் அது இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். இளவேனில் வந்ததும் விழித்துத் தளிர்த்துப் பூக்கும். நம்மூரிலே குளிர்காலம் ஏது? இங்கு நட்ட கொடி உறக்கமின்றி ஓடிக்கொண்டே இருக்கும். பந்தல் நிறைய இலை இருக்கும். குலை மட்டும் இராது. எனவே குளிர்காலம் செய்யும் வேலையைக் கத்தி செய்ய வேண்டியிருக்கின்றது. தண்ணீரைச் சில நாட்கள் குறைத்து, கொடியைச் சற்றே வாடவிட்டு, முற்றிய கிளைகளைச் சில கண்கள் மட்டும் விட்டுத் தறித்துவிட்டால், பத்துப் பதினைந்து நாட்களில் எஞ்சிய கண்கள் வெடித்துத் தளிர்க்கும். அத்தளிரோடு பூங்கொத்தும் வரும். தறித்த நாளிலிருந்து 100 முதல் 120 நாட்களுக்குட் பழம் பறிக்கலாம். தமிழகத்தில் 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையும் இம்முறையாலேயே விளைவிக்கப்படுகின்றது.

இதில் மாணவர் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. முந்திரிகைக் கொடியின் பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள். கண்ணுக்குள் அரும்பாக இருக்கும்போதே அது பற்றுக்கம்பியாவதா, பூவாவதா என்பது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றது. வெயில் நன்றாகப் பட்ட கிளையின் கண்களிற் பூ மிகும். இலை மூடிய நிழலிலே கம்பி மிகும். ஆகவே கிளைகளை நெருக்கமின்றிப் பரப்பிவிடுதல் அடுத்த போகத்துக்கும் செய்யும் உதவியாகும்.

கையிற் கை மாறிய தடி

நம் வளவிற் படர்ந்திருக்கும் கொடி கடையில் வாங்கியதன்று. அதன் வரலாற்றைச் சொல்லாமற் பந்தலைப் பற்றிச் சொல்லுதல் முறையாகாது.

உரும்பிராயில் நம் உறவினர் ஒருவருக்கு முந்திரிகைத் தோட்டம் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தம் வீடுகளைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அவரும் கையிலெடுத்தவற்றோடு புறப்பட்டார். அப்போது நாம் பாடசாலை மாணவர். அடுத்த ஆண்டு மீண்டுவந்து பார்த்தபோது, தூண்கள் மட்டுமே நின்றன. கம்பி இல்லை, பந்தல் இல்லை, கொடிகள் தரையோடு தரையாய்க் காய்ந்து கிடந்தன. வாழையைப் போலத் தன்பாட்டிற் குட்டி போட்டு வாழும் பயிரன்று இது. நீரும் கத்தியும் பந்தலும் கொடுக்க ஒருவர் வேண்டும். வீட்டார் இல்லாவிடின் முந்திரிகையும் இல்லை.

எனினும், வேலியோரத்திலே ஒரு மூட்டிலிருந்து விரலளவு தளிர் கிளம்பியிருந்தது. உறவினர் கிணற்றைத் துப்புரவாக்கியவுடன் முதற் பட்டைத் தண்ணீரை அதற்கே ஊற்றினார். இன்று அயலில் ஏழெட்டு வீடுகளில் உள்ள கொடிகள் அந்த ஒரு மூட்டின் தடிகளே. முந்திரிகையை விதையிட்டு வளர்த்தால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வருவதில்லை. தடி வெட்டி நட்டாலோ, நடப்படுவது அதே கொடியின் உடலாகும். நமக்கு இரண்டு தடிகளை வெட்டித் தரும்போது அந்த முதியவர் கூறிய புத்திமதி இது: "தம்பி, கொடியைப் பாத்து மனம் இரங்கப்படாது. கத்தி படாத கொடி இலைதான் தரும்; குலை தராது."

எங்கே நடுவது?

முற்றிய, பென்சிற் பருமனான தடி, நான்கு கணுக்கள், இரண்டு மண்ணுக்குள், இரண்டு வெளியே. இவ்வாறு ஒரு சாடியில் நிழலில் வைத்தபோது நான்கு வாரத்தில் ஒரு தடி வேர்விட்டது, மற்றது பட்டுப்போயிற்று. வேர்விட்டதை எங்கே நடுவது என்ற கேள்வி அதன்பின் எழுந்தது.

கிணற்றடியே வசதியான இடம்; நீர் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் நம் மனையாள் இடைமறித்தார். "இஞ்சேருங்கோ, இந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் பிள்ளையள் குடிக்குதுகள். அதுக்குப் பக்கத்திலையோ மருந்தடிக்கிற கொடியை வைக்கப் போறியள்?"

இக்கேள்வி நம் பரீட்சையின் போக்கையே வகுத்துவிட்டது. சுண்ணாம்புக்கல் நாட்டிலே மண்ணின்மேல் இடப்படுவது எதுவும் விரைவிற் கிணற்றைச் சேரும். வடிகட்டுவதற்கு ஆழமான மண் இல்லை. கல்லின் வெடிப்போ நேர்வழியாக உள்ளது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்று வகுத்திருக்கின்றது. செறிவாகப் பயிர் செய்யப்படும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மீறப்பட்டிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. இரசாயன உரமும், மிகுதியாக இட்ட எருவும், மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணம். மிகுந்த நைத்திரேற்று, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும்.

ஆகவே கொடியைக் கிணற்றுக்கு எட்டவாக, வளவின் தென்கிழக்கு மூலையில் நட்டோம். ஆயினும் தூரம் மட்டும் காவலாகாது. நிலத்தடி நீருக்கு வேலி தெரியாது. நம் மூலை அயலவரின் கிணற்றுக்கு அருகாயிருக்கக் கூடும். எனவே மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். இரசாயன உரம் இடுவதில்லை, பூச்சிநஞ்சு தெளிப்பதில்லை, ஊற்றும் நீரை எழுதி வைப்பது. மூன்றடிச் சதுரக் குழியிற் பூவரசங்குழையும் மட்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் இட்டு நட்டு, 12 அடிச் சதுரமாக ஆறடி உயரத்திற் பந்தல் போட்டோம்.

நோயும் வௌவாலும்

முதலாண்டு கொடியைத் தனித் தண்டாகப் பந்தலுக்கு ஏற்றி, நுனியைக் கிள்ளி, இருபுறமும் கிளை பிரிய விடுவதிலேயே கழிந்தது. இரண்டாம் ஆண்டு தையிற் கத்தி வைத்தோம். வெட்டுவாயிலிருந்து நீர் துளித்துளியாய்ச் சொட்டிற்று. "கொடி அழுகுது" என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். வேர் மேலே தள்ளும் நீர் அது. கொடிக்குத் தீங்கில்லை என்று விளக்கினோம். பன்னிரண்டாம் நாள் முதற் கண் வெடித்தது.

தையை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. முந்திரிகைக்கு மழையே பெரும்பகை. மாரியில் இலையின் அடிப்புறத்தே வெண்சாம்பர் போற் படரும் பூஞ்சண நோய் கொடியை மொட்டையாக்கிவிடும். பழுக்கும் பழமோ நீர் மிகுந்து வெடிக்கும். தையில் வெட்டினால் வைகாசியிலும், ஆனியில் வெட்டினால் புரட்டாதியிலும் பழம் பறித்துவிடலாம். இரு போகமும் மாரிக்குத் தப்பிவிடும்.

இந்நோய்க்கு உலகம் கண்ட முதற் பெருமருந்தின் வரலாறு சுவையானது. பிரான்சில் போர்தோ நகரையடுத்த தோட்டங்களில், வீதியோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் களவாடாதிருக்கும் பொருட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலநிறமாய்த் தெளித்து வைப்பர். அக்கொடிகளுக்கு மட்டும் நோய் வராதிருத்தலை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்து ஆராய்ந்து, 1885ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதுவே போர்தோக் கலவை. பத்து லீற்றர் நீருக்கு 100 கிராம் மயில்துத்தமும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பும் போதும். இரும்புப் பாத்திரத்தில் மட்டும் கரைத்தலாகாது. நாம் இதனை ஆண்டில் இருமுறைக்கு மேற் பயன்படுத்துவதில்லை; செம்பு மண்ணிலே தங்கிவிடும் இயல்புடையது. நோய் கண்ட இலையைக் கிள்ளி எரித்தலும், பந்தலிற் காற்றோட விடுதலும் மருந்தினும் மேலான காவல்.

முதற்போகத்திற் பதினொரு குலைகள் பிடித்தன. நிறம் கறுத்ததும் பிள்ளைகள் பொறுமையிழந்தனர். ஆனால் முந்திரிகை மாம்பழம் போன்றதன்று. பறித்தபின் அது பழுப்பதுமில்லை, இனிப்பதுமில்லை. நிறம் வந்தபின்பும் சில வாரம் கொடியிலே காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்த நாட்களில் இரண்டு குலைகளை வௌவால் தின்றுவிட்டது. பழைய நுளம்புவலையைத் துண்டுபோட்டுக் கட்டி மற்றவற்றைக் காத்தோம். முதற் குலை பிள்ளையார் கோயிலுக்குப் போயிற்று. எஞ்சியவை இரண்டு வீட்டாருக்குப் போதுமானவையாயிருந்தன.

கொப்பியிற் கண்ட கணக்கு

இனி, முன்னர்க் கூறிய கணக்குக்கு வருவோம். மகள் ஒரு கொப்பியில் ஊற்றிய வாளிகளை எழுதி வந்தாள். இரண்டு நாளுக்கொருமுறை ஆறு வாளி. வாளிக்குப் பத்து லீற்றர். வெட்டிய நாள் தொடக்கம் பறித்த நாள் வரை 110 நாட்களில் 3,300 லீற்றர் ஆயிற்று. கிடைத்த பழம் இரண்டரைக் கிலோகிராம். ஒரு கிலோகிராம் பழத்துக்கு 1,300 லீற்றருக்கு மேல்! கூட்டிப் பார்த்த மகள் திகைத்துப் போனாள், நாமும் திகைத்தோம். ஊற்றிய நீரில் ஒரு பங்கு மீண்டும் நிலத்துள் இறங்கும் என்பது மெய்யே; ஆனால் இறங்கும்போது மண்ணிலுள்ளதையும் கரைத்துக்கொண்டே இறங்கும்.

அடுத்த போகத்தில் ஒன்றை மாற்றினோம். அடியைச் சுற்றி அரை அடி உயரத்துக்குச் சருகும் காய்ந்த வாழையிலையும் பரப்பி, மூன்று நாளுக்கொருமுறை மட்டும் அதே ஆறு வாளியை மாலையில் ஊற்றினோம். கொடி வாடவில்லை. நீர் 2,200 லீற்றரளவாகக் குறைந்தது. கொடியும் முதிர்ந்துவிட்டமையாற் பழம் எட்டுக் கிலோகிராம் கிடைத்தது. கிலோகிராமுக்கு 300 லீற்றருக்கு உட்பட்ட கணக்கு. இதிலே எவ்வளவு சருகின் பயன், எவ்வளவு கொடியின் வயதின் பயன் என்று பிரித்தறிய இன்னும் சில போகம் வேண்டும். அதற்காகவே கொப்பி தொடர்ந்து எழுதப்படுகின்றது.

புதிய பயிரொன்றை வளவிற் பரீட்சிப்போர் பழத்தின் எடையை மட்டும் கணக்கிடுவர். நம் குடாநாட்டில் அது பாதிக் கணக்கே. கிணற்றிலிருந்து எடுத்தது எவ்வளவு, கிணற்றுக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன என்ற மறுபாதியும் எழுதப்பட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பந்தலைக் கிணறு தாங்கும் என்று நம் கொப்பி சொல்கின்றது. அடுத்த மூலையிலும் ஒரு பந்தல் போடலாமே என்று நண்பர் சிலர் தூண்டியும் நாம் இசையாமைக்குக் காரணம் அதுவே.

வருந் தையில் மீண்டும் தறிக்கும்போது நாற்பது ஐம்பது தடிகள் மிஞ்சும். நம் வகுப்பு மாணவர்களுட் பன்னிருவர் ஆளுக்கு இரண்டு கேட்டிருக்கிறார்கள். தருவதாக ஒப்புக்கொண்டோம். ஆனால் தடியோடு ஆளுக்கொரு கொப்பியும் கொடுப்போம். வாளிக் கணக்கு முதற் பக்கத்திலேயே தொடங்க வேண்டும்.